எங்கிருந்தும் தொடங்கலாம்

முடிச்சை அவிழ்க்கிறவர்கள் என்று உலகத்தில் ஓர் இனம் உண்டு. குழாய் ரிப்பேர்க்காரர்கள், செவிலியர்கள், தூண்டில் போடுகிறவர்கள் எல்லாம் அதில் சேர்த்தி. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது மற்றோர் இனத்தை. முடிச்சுப் போடுகிற இனத்தை. இதையும் அதையும், அதையும் எதையும் இணைத்து, இணைத்ததைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, வட்டத்துக்கு ஒரு பெயர் வைத்து, பெயருக்கு ஒரு குழு அமைத்து, குழு கூடுவதற்கு ஒரு தேதி குறித்து, அந்தத் தேதியில் தாங்களே ஊரில் இல்லாமல் போகிறவர்கள். முடியே இல்லாத இடத்திலும் முடிச்சுப் போட்டுவிடுவார்கள்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். பேசும்போது வலது கை தானாகக் காற்றில் வட்டம் போடும். எந்தப் பொருளைக் காட்டினாலும், "அது வெறும் அது இல்ல" என்பார்கள். காப்பிக் கோப்பையைக் காட்டுங்கள்: "அது வெறும் காப்பி இல்ல." கூரை ஒழுகுவதைக் காட்டுங்கள்: "அது வெறும் ஒழுகல் இல்ல." பிறகு கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி, ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆற்றங்கரையில் கரோலா என்ற ஊரில், ஆரஞ்சுத் தோட்டங்களுக்கும் ஆளில்லாத ரயில் நிலையத்துக்கும் நடுவில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் இலக்கியம் சொல்லித்தரும் டெஸ்மண்ட் ட்ரெவார்த்தா. எல்லோருக்கும் டெஸ். வயது ஐம்பத்து மூன்று. நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல வாய்ப்புக் கிடைக்காது.

புதன்கிழமை காலையில் அவர்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வரும். செவ்வாய் மாலை, மனைவி மெரின் கேட்பாள்.

"டெஸ், தொட்டிய வெளிய வச்சியா?"

"மெரின், அது வெறும் குப்பைத்தொட்டி இல்ல. ஒரு சமூகம் எத வேண்டாம்னு ஒதுக்குதுங்கிறதுலதான்…"

"வச்சியா, வைக்கலையா?"

வைக்கவில்லை. மறுநாள் வண்டி வந்து, நின்று, போய்விடும். சிவப்பு மூடித் தொட்டி அடுத்த புதன்வரை வீட்டோரமாக நின்று மணக்கும். டெஸ் அதைப் பார்த்து வருந்துவார். வருத்தத்துக்கும் ரோமாபுரியின் சாக்கடைகளுக்கும் என்ன தொடர்பு என்று யோசிப்பார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு துணைப்பாடத்தை உருவாக்கும் வேலையை ஒப்படைத்தால் என்ன ஆகும்?

அதைத்தான் செய்தார்கள். கணக்கோ செவிலியமோ முதன்மைப் பாடமாகப் படிக்கிற மாணவர்கள், கூடவே இலக்கியம், வரலாறு, தத்துவம் எல்லாம் கலந்த நாலு பாடங்களைப் படித்தால் பட்டத்தில் ஒரு வரி சேரும். அந்த நாலையும் பொறுக்கிக் கோப்பது டெஸ்ஸின் பொறுப்பு. பெயர்: 'நீரும் நாமும்'. ஆற்றங்கரை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. விளம்பரத் தாளில் அவரே ஒரு வரி எழுதினார்: 'எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம்!' ஆச்சரியக்குறியும் அவருடையதுதான்.

நாலு பாடம், நாலு பேர். டெஸ்ஸின் 'வறட்சிக் கவிதைகள்'. ப்ரூடன்ஸ் என்கிற வரலாற்றுக்காரியின் 'ஆற்றுப் படகுகளின் காலம்'. பாஸ்கோ என்கிற தத்துவக்காரரின் 'தாகம் என்றால் என்ன?' நாலாவது, சமயங்களில் வெள்ளம் வருகிற கதைகளைப் பற்றிய பாடம். அதை நடத்துகிற ஆசாமி அவ்வளவு முக்கியமில்லை, பிறகு பார்க்கலாம்.

முதல் கூட்டத்தில் தேங்காய்ப்பூ தூவிய கேக்குத் துண்டுகளும் நல்ல மனமும் நிறைந்திருந்தன. எந்தப் பாடம் முதலில், எது கடைசியில் என்ற கேள்வி வரும்வரைக்கும்.

எங்கள் ஊரில் யாரும் நேராக மறுப்பதில்லை. "ஆமா" என்று தொடங்கி "இல்ல" என்று முடிப்போம். வெளியூர்க்காரர்கள் முதல் சொல்லைக் கேட்டுவிட்டு மகிழ்ச்சியோடு கிளம்பிப் போய்விடுவார்கள்.

"முதல்ல வரலாறு வந்தா இயல்பா இருக்கும், ப்ரூ."

"ஆமா… இல்ல. முதல் பாடம்னா அறிமுகப் பாடம். அறிமுகப் பாடம்னா திங்கக்கிழம காலைல எட்டு மணி. நான் இருபது வருஷம் எட்டு மணிக்கு நின்னாச்சு, டெஸ். போதும்."

"பாஸ்கோ?"

"ஆமா, நல்ல யோசனதான், ஆனா இல்ல. தாகத்த முதல்ல வச்சா, மத்ததெல்லாம் அதுக்குப் பதில் மாதிரி ஆயிடும். தத்துவம் பதிலுக்காக நிக்கிறதில்ல."

கடைசியில் வரவும் யாருக்கும் மனமில்லை. கடைசி என்றால் மிச்சம் மீதி. கடைசிக் கேக்குத் துண்டை எடுக்கவும் எல்லோரும் கூச்சப்பட்டார்கள், அது அன்று முழுவதும் தட்டிலேயே கிடந்தது. அப்போதுதான் டெஸ் எழுந்து, வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் வரைந்தார். நாலு பாடங்களை அதன் மேல் வைத்தார். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓர் அம்புக்குறி, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு ஓர் அம்புக்குறி, நாலாவதிலிருந்து திரும்ப முதலாவதற்கு. முதலும் இல்லை, முடிவும் இல்லை!

கை தட்டினார்கள். ப்ரூடன்ஸ் கண் கலங்கினாள் என்றுகூடச் சொல்வார்கள். அது தூசி.

அந்த வட்டத்தைப் படம் பிடித்து, பாடக் கையேட்டில் ஏற்றும்படி நோலீனுக்கு அனுப்பினார் டெஸ். நோலீன் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாக இருக்கிறாள். கவிதை எழுதுகிறவள் அல்ல. ஒரு வரியில் கேட்டு அனுப்பினாள்: 'இந்த அம்புக்குறிகள் நிபந்தனையா? அதாவது, ஒன்றில் தேறினால்தான் அடுத்ததில் சேர்க்கலாமா?'

ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. டெஸ்ஸுக்கு ஒரு சொல்லில் பதில் வருமா? பதினோரு பத்தி எழுதினார். நடுவில் இப்படி ஒரு வாக்கியம்: 'இந்த அம்புகள்தாம் இத்திட்டத்தின் உயிர். ஒன்றைக் கடக்காமல் மற்றொன்றுக்குள் நுழையவே முடியாது.'

நோலீன் அந்த வாக்கியத்தை மட்டும் படித்தாள். அப்படியே ஏற்றினாள்.

இனி நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஊகிக்காதவர்கள் நாங்கள் நாலு பேர்தான். கவிதை படிக்க வேண்டுமானால் வெள்ளத்தில் தேறியிருக்க வேண்டும்; வெள்ளத்துக்குத் தாகம் முடித்திருக்க வேண்டும்; தாகத்துக்குப் படகு, படகுக்குக் கவிதை. எங்கிருந்தும் தொடங்க முடியாது. இந்த நிபந்தனை துணைப்பாடமாக எடுக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்பதால், அவரவர் துறை மாணவர்கள் அவரவர் வகுப்பில் வழக்கம்போல உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு எதுவுமே உறைக்கவில்லை.

முதல் வருடம் 'நீரும் நாமும்' பாடத்தில் சேர்ந்தவர்கள் யாருமில்லை. இரண்டாம் வருடமும் இல்லை. மூன்றாம் வருடமும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை தள்ளிப் பார்த்திருப்பார்கள். டெஸ் காலத்தின் போக்கைப் பார்த்தார். கைப்பேசியைக் குறை சொன்னார், பொறியியலைக் குறை சொன்னார், பிள்ளை கணக்காளனாக வேண்டும் என்கிற பெற்றோரைக் குறை சொன்னார், விவேகம் என்ற சொல்லையே மறந்துபோன ஒரு நாகரிகத்தைக் குறை சொன்னார். ஹோபார்ட்டில் நடந்த மாநாட்டில் 'அவர்கள் ஏன் வருவதில்லை?' என்று நாற்பது நிமிடம் பேசினார். பிரமாதமான பேச்சு. அரங்கில் பாதிப் பேர் மூக்கைச் சிந்தினார்கள். இதற்கிடையில் ஒரு மாணவன் டெஸ்ஸுக்கு, 'சேர முயன்றேன், கணினி மறுக்கிறது' என்று இரண்டு வரி எழுதியிருந்தான். அவனுக்குத் தன் ஹோபார்ட் உரையை அனுப்பிவைத்தார்.

நாலாம் வருடம் பிப்ரவரியில் டீன் கூப்பிட்டனுப்பினார். டீன் முன்னாள் மண்ணியல்காரர், சுருக்கமாகப் பேசுவார்.

"டெஸ், மார்ச் முப்பத்தொண்ணு பதிவு மூடுது. அதுக்குள்ள அஞ்சு பேர் வேணும். இல்லேன்னா கையேட்டுல இருந்து எடுத்துடறேன்."

"அது வெறும் எண்ணிக்கை இல்ல…"

"அஞ்சு, டெஸ்."

அன்று மாலை டெஸ் தொட்டியை வெளியே வைத்தார். திங்கட்கிழமை மாலையில். அவ்வளவு கலங்கிப்போயிருந்தார். வட்டத்துக்காக மட்டும் அல்ல. மூன்று வருடமாக எல்லோரிடமும் அதைப் பற்றியே பேசி வந்திருக்கிறார். அது போய்விட்டால் தன்னிடம் வறட்சிக் கவிதைகள் மட்டும்தான் மிஞ்சும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதையும் யாரும் விரும்பிப் படிப்பதில்லை.

வரவேற்பு வாரம் வந்தது. நாற்பது டிகிரி வெயில், கண்ணிலும் வாயிலும் ஈ. புல்தரையில் ஒவ்வொரு சங்கமும் ஒரு கூடாரம் போட்டு, சாசேஜைச் சுட்டு ரொட்டித் துண்டில் வைத்துக் கொடுத்துப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டிருந்தது. படகுச் சங்கத்துக்கும் தாடிச் சங்கத்துக்கும் நடுவில் டெஸ் ஒரு வாளி ஆற்றுத் தண்ணீரோடு நின்றார். வாளியில் 'இது வெறும் தண்ணீரா?' என்று எழுதி ஒட்டியிருந்தது. ஒரு நாய் வந்து குடித்துவிட்டுப் போனது.

பிற்பகலில் பிரைடி வந்தாள். செவிலியம் இரண்டாம் வருடம். கையில் பாதி தின்ற சாசேஜ்.

"நீங்கதான் டெஸ்ஸா? ஆத்தப் பத்தின பாடம் இதானே?"

"அது வெறும் ஆத்தப் பத்தி மட்டும் இல்ல…"

"பரவால்ல, ஆறு போதும். நான் சேரணும்."

டெஸ் மூன்று வருடமாக ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். நாகரிகத்தின் சரிவைப் பற்றிப் பேசத் தயாராக இருந்த மனிதர், சேர வந்தவளைப் பார்த்து 'எதுக்கு' என்கிறார்!

அவள் சொன்னாள். போன வருடம் பயிற்சிக்கு முதியோர் இல்லத்தில் போட்டார்களாம். அங்கே கிளாரி என்று ஒருவர். பழைய ஆற்றங்கரைத் தோட்டக்காரர், நினைவு தப்பிப்போனவர். தினமும் காலையில் திரையை விலக்கியதும் கேட்பாராம்: "தண்ணி எது வரைக்கும் வந்திருக்கு?" ஐம்பத்தாறாம் வருட வெள்ளத்திலேயே நிற்கிறார்.

"தண்ணியே இல்ல தாத்தான்னேன். கோவம் வந்து தட்டத் தூக்கி எறிஞ்சார். மறுநாள் படி வரைக்கும் வந்திருக்குன்னேன். அழுதுட்டார். என்ன சொல்றதுன்னு தெரியல டெஸ். மருந்து குடுக்கக் கத்துக் குடுத்தாங்க, இதுக்கு ஒண்ணும் கத்துக் குடுக்கல. அடுத்த மாசம் திரும்ப அங்கதான் போடறாங்க."

டெஸ்ஸின் வலது கை பாதி எழுந்து, நின்றுவிட்டது.

மறுநாள் கணினி பிரைடியை மறுத்தது. அவள் காலத்தின் போக்கை நினைத்து வருந்தவில்லை. நேராகப் பதிவு அலுவலக ஜன்னலுக்குப் போனாள். நோலீன் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, நாலு பாடத்தின் நிபந்தனைகளையும் ஒரு தாளில் அச்சடித்து, விரலால் ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு இன்னொரு முறை.

"கண்ணு, இதுக்குள்ள யாரும் நுழையவே முடியாது."

"அப்ப யாரு இப்பிடி வச்சது?"

"நான்தான் ஏத்துனேன். ஆனா கேட்டுட்டுத்தான் ஏத்துனேன்," என்று நாலு வருடத்துக்கு முந்தைய கடிதத்தையும் அச்சடித்துக் கையில் கொடுத்தாள். பதினோரு பத்தியும்.

பிரைடி அந்தத் தாள்களோடு டெஸ்ஸின் அறைக்கு வந்தாள். மேஜையில் வைத்தாள். டெஸ் படித்தார். விரலால் சுற்றி வந்தார். முதல் அரை நிமிடம் அவர் என்ன நினைத்தார் தெரியுமா? சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 'ஆஹா, என்ன அருமையான படிமம்! இதை வைத்தே அடுத்த மாநாட்டில்…' என்று நினைத்தார். அடுத்த அரை நிமிடத்தில் காது சிவந்தது. ஹோபார்ட் ஞாபகம் வந்தது. மூக்கைச் சிந்தியவர்கள் ஞாபகம் வந்தார்கள். கணினி மறுக்கிறது என்று எழுதிய பையன் ஞாபகம் வந்தான்.

"மூணு வருஷம்," என்றார். "நாகரிகம் அழிஞ்சிட்டிருக்குன்னு ஊரெல்லாம் போய்ச் சொன்னேன், பிரைடி. நானே தாழ்ப்பாளப் போட்டுட்டு."

"சரி விடுங்க. இப்ப எடுத்துடலாம்ல?"

"ஒரே ஒரு அம்ப எடுத்தாப் போதும்."

"எவ்வளவு நேரமாகும்?"

டெஸ் நாட்காட்டியைப் புரட்டினார். எங்களை அவருக்குத் தெரியும்.

மார்ச் இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை, கூட்டம். அதே அறை, அதே வெள்ளைப் பலகை. டெஸ் வட்டத்தை வரைந்து, நிலைமையைச் சொல்லி, ஓர் அம்புக்குறியை அழிக்க வேண்டும் என்றார். எந்தப் பாடத்துக்கு வருகிற அம்பு அழிகிறதோ, அந்தப் பாடம் முதல் பாடமாகும். முதல் பாடம் என்றால் திங்கட்கிழமை எட்டு மணி.

"ஆமா, கட்டாயம் செய்யணும்," என்றாள் ப்ரூடன்ஸ். "ஆனா இல்ல, படகுலேர்ந்து ஆரம்பிச்சா ஏதோ சுற்றுலா மாதிரி ஆயிடும்."

"ஆமா," என்றார் பாஸ்கோ. "ஆனா தொடக்கம்னா என்னன்னு முதல்ல தீர்மானிக்கணும்."

வெள்ளக் கதைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். தன்னுடைய பாடம் உலகத்தின் முடிவைப் பற்றியது, அதைக் கொண்டு தொடங்குவது மத நல்லிணக்கத்துக்கே ஆபத்து என்றார். கையால் வட்டம் போட்டுக்கொண்டே சொன்னார். அந்த ஆசாமி நான்தான். திங்கட்கிழமை காலையில் எனக்கு நீச்சல். இரண்டு மணி நேரம் போயிற்று. இந்தப் பிரச்சினையை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கலாம், அது ஜூலையில் கூடலாம் என்று நான் முன்மொழிந்தேன். பாஸ்கோ வழிமொழிந்தார். பதிவு மூட ஐந்து நாள்.

பிரைடி வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு அவளுக்கு வார்டில் வேலை. நீலச் சீருடையோடு வந்திருந்தாள். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒரே ஒரு கேள்வி. உங்கள்ல திங்கக்கிழம எட்டு மணிக்கு யாரால வர முடியும்?"

அந்த அறையில் அறிவுக்குப் பஞ்சமில்லை. நாலு பேருக்கு ஏழு பட்டம். ப்ரூடன்ஸ் பைக்குள் எதையோ தேடினாள். நான் பழைய கேக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெஸ் எழுந்தார். துடைப்பானைத் தேடவில்லை. சட்டைக் கையாலேயே, 'வறட்சிக் கவிதைகள்' பக்கம் வருகிற அம்பை அழித்தார். கை முழுக்க நீல மை.

"எட்டு மணிக்கு நான் வரேன்," என்றார். அதோடு உட்கார்ந்துவிட்டார். பதினோரு பத்தி எழுதிய மனிதர்!

இப்போது வட்டம் நேர்க்கோடாகிவிட்டது. கவிதை, படகு, தாகம், கடைசியில் வெள்ளம். மிச்சம் மீதி என் தலையில். நான் எதிர்ப்புத் தெரிவித்தேன், கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது.

முப்பத்தொன்றாம் தேதி மாலைக்குள் பிரைடியும் அவள் வகுப்புத் தோழிகள் மூவரும் பதிவு செய்தார்கள். இராப்பணி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் எட்டு மணி வகுப்பு அவர்களுக்கு வசதியாம். நாலு. நாலரை மணிக்கு டெஸ் பதிவு அலுவலக ஜன்னல் பக்கம் போய் நின்றார். கெஞ்சுகிற வழக்கம் இல்லாதவர்; எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றார். நோலீன் தலை நிமிரவில்லை.

"இங்க வேல பாக்கறவங்களும் படிக்கலாம்னு விதி இருக்கு, டெஸ். நாலு வருஷமா அந்த வட்டத்த நான்தான் கையேட்டுல வச்சுக் காப்பாத்திக்கிட்டு வரேன். உள்ள அப்பிடி என்னதான் இருக்குன்னு பாக்கவேணாமா?" என்றபடியே ஒரு பொத்தானை அமுக்கினாள். "அஞ்சு."

டெஸ் அந்த ஜன்னல் முன்னாலேயே அழுதார். வரிசையில் நின்றவர்கள் கல்விக் கட்டணப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதல் வகுப்பு. திங்கட்கிழமை, எட்டு அடித்து இரண்டு நிமிடம். திரையில் வட்டத்தின் படத்தைப் போட்டுவைத்திருந்தார் டெஸ். நாலு செவிலிப் பெண்கள் தூக்கக் கண்ணோடு, நோலீன் முதல் வரிசையில் புது நோட்டோடு. அவர் வாயைத் திறக்குமுன் பிரைடி கையைத் தூக்கினாள்.

"நாளைக்குக் காலைல கிளாரியப் பாக்கப் போறேன், டெஸ். தண்ணி எது வரைக்கும்னு கேப்பார். என்ன சொல்ல?"

"அது வெறும் தண்ணி…" என்று தொடங்கினார் டெஸ். நிறுத்தினார். திரையை அணைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்களோடு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியல, பிரைடி," என்றார். "நீ அவர்கிட்டயே கேளேன். 'நீங்க கடைசியா பாத்தப்ப எது வரைக்கும் இருந்துச்சு'ன்னு."

வகுப்பு அங்கேயிருந்து தொடங்கியது. செவ்வாய்க்கிழமை கிளாரி முக்கால் மணி நேரம் பேசினாராம். தட்டு எறியவில்லை. அடுத்த திங்கட்கிழமை நோலீன்தான் வந்து சொன்னாள். நான் நீச்சலிலிருந்து ஈரத் தலையோடு திரும்பிக்கொண்டிருந்தேன்.

என் பாடத்துக்கு அவர்கள் வந்து சேர இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. ஏதாவது தயார் செய்ய வேண்டும். நானோ இப்படி டெஸ்ஸைக் கேலி செய்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கவனித்திருப்பீர்கள்: ஒரு பெண் கேட்ட ஒரு கேள்விக்கு வந்து சேர, நான் இனத்தையும் குணத்தையும் ரோமாபுரியையும் ஹோபார்ட்டையும் சுற்ற வேண்டியிருந்தது. எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கியிருக்கலாம். அங்கிருந்து தொடங்க மட்டும் வரவில்லை.

நீங்கள் அப்படியில்லை என்பது தெரியும். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, 'எங்கள் ஆபீசிலும் இப்படித்தான்', 'யோசித்துப் பார்த்தால் நாடே இப்படித்தான்', 'இது வெறும் ஒரு கல்லூரிக் கதை இல்லை' என்றெல்லாம் உங்களுக்குத் தோன்றியிருக்காது. அப்படியொருவேளை தோன்றியிருந்தால், ஒன்று செய்யுங்கள். முதலில் அந்த வலது கையைக் கீழே இறக்குங்கள். பிறகு எழுந்து வாசலுக்குப் போங்கள். குப்பை வண்டி உங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டது.